சாய்ந்த கோடும் கட்டத் திரையும்: வெக்டர் படங்களின் விளிம்புப் பற்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

1. வினாவும் வழக்கமான விடையும்

அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் எவரும் கண்டிருக்கக்கூடிய ஒரு காட்சியிலிருந்து இந்த வினா பிறக்கிறது. ஒரு சின்னத்துக்காக வரையப்பட்ட வளைகோடு திரையில் ரம்பத்தின் பல்லைப்போல் வெட்டுவெட்டாகத் தெரிகிறது. அதே கோப்பை, அணுவளவும் மாற்றாமல், அங்குலத்துக்கு 1,200 புள்ளிகள் பதிக்கும் அச்சுப்பொறிக்கு அனுப்பினால், தாளில் அந்த வளைவு வழுவழுவென்று வந்து விழுகிறது. படத்தைப் புள்ளிகளின் கூட்டமாகச் சேமிக்காமல், இந்த இடத்திலிருந்து இந்த இடம்வரை இன்ன வளைவில் ஒரு கோடு என்னும் கணித விதியாகச் சேமிப்பதே வெக்டர் முறை என்றும், அதனால் அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது என்றும் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். சொல்லித் தந்த பிறகு, திரையில் பிரத்தியட்சமாகத் தெரியும் அந்தப் பற்களுக்கு என்ன சமாதானம் சொல்வது?

வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம் ஒன்று உண்டு. திரையில் புள்ளிகள் குறைவு, அச்சில் அதிகம். புள்ளிகள் பெருகினால் பற்கள் மறையும் என்பது அது. இது பொய்யல்ல, ஆனால் பாதி உண்மையை முழு உண்மையின் ஸ்தானத்தில் வைப்பது. புள்ளிகள் மிகுந்த திரையிலும் பற்கள் தெரிவதுண்டு. புள்ளிகள் குறைந்த திரையிலும் சில கோடுகள் வழுவழுப்பாகத் தோன்றுவதுண்டு. எண்ணிக்கை ஒன்றே காரணமாயிருந்தால் இவ்விரண்டும் நிகழமாட்டா. ஆகவே, கோட்டின் விதிக்கும் திரையின் ஒளிக்கும் இடையில் நடக்கும் வேலை எது, அதில் எந்த எந்தத் தீர்மானங்கள் யாரால் எடுக்கப்படுகின்றன என்று விசாரிப்பதே நியாயமான வழி என்பது என் அபிப்பிராயம்.

2. கோடு கோடாகவே வரையப்பட்ட காலம்

இந்தப் பற்கள் கணிப்பொறியோடு கூடப் பிறந்தவையல்ல. ஒரு காலத்தில் கணிப்பொறித் திரைகளில் ஒரு வகை, பேனா பிடித்த கையைப்போலவே நடந்துகொண்டது: கண்ணாடிக் குழலுக்குள் எலெக்ட்ரான் கற்றையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நேராகச் செலுத்தினால், அது சென்ற தடம் அப்படியே ஒளிர்ந்தது. 1972-இல் வெளிவந்த டெக்ட்ரானிக்ஸ் 4010 என்னும் முனையமும், 1979-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘ஆஸ்டராய்ட்ஸ்’ என்னும் விளையாட்டு யந்திரமும் இவ்வகையைச் சேர்ந்தவை. அந்த விளையாட்டில் பாறைகளின் விளிம்பு எந்தக் கோணத்தில் சாய்ந்தாலும் அதில் படிக்கட்டு இல்லை. ஏனெனில் படிக்கட்டை உண்டாக்கும் கட்டங்களே அந்தத் திரையில் இல்லை.

அந்த முறை ஏன் நிலைக்கவில்லை? கற்றை ஓடிஓடி வரையும் படத்தில், டெக்ட்ரானிக்ஸ் குழலைப்போல் கோட்டைத் தன்னிலேயே தேக்கி வைக்கும் விசேஷ ஏற்பாடு இருந்தாலன்றி, கோடுகள் பெருகப்பெருக ஒரு சுற்று முடிக்கும் நேரம் நீண்டு படம் துடிக்கத் தொடங்கும். ஒரு பரப்பை முழுவதும் வர்ணத்தால் நிரப்புவதோ அதற்குப் பெரும்பாடு. நினைவகத்தின் விலை விழுந்தபோது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணை நினைவில் வைத்து, தொலைக்காட்சியைப்போல் வரிசைவரிசையாகத் திரையை நிரப்பும் ராஸ்டர் முறை வென்றது. 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஆல்டோ கணிப்பொறியின் திரை, அகலத்தில் 606, உயரத்தில் 808 புள்ளிகள் கொண்டது. எழுத்தையும் படத்தையும் ஒரே திரையில் தாராளமாகக் காட்டும் வசதி வந்தது. அதற்கு ஈடாக, கோட்டை நேரடியாக வரையும் சக்தி போயிற்று. இன்று நாம் வெக்டர் படம் என்று திரையில் பார்ப்பது எதுவும் உண்மையில் வெக்டர் படம் அல்ல. வெக்டர் விதியைப் படித்து ஒரு நிரல் எழுதிக்கொடுத்த ராஸ்டர் படமே அது. இந்த மாற்று வேலையை ராஸ்டராக்கம் என்று அழைப்போம்.

3. இருபது பத்திகளில் ஒரு கோடு

ஒரு சிறு உதாரணத்தைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்ப்பது பயன்தரும். கட்டம் போட்ட நோட்டுத்தாளில், இடது மூலையில் தொடங்கி, இருபது கட்டம் வலப்பக்கம் செல்வதற்குள் இரண்டு கட்டம் மட்டுமே மேலேறும் ஒரு கோட்டை எண்ணிக்கொள்வோம். ஒவ்வொரு பத்தியிலும் கோட்டுக்கு மிக அருகிலுள்ள ஒரு கட்டத்தை மட்டும் கறுப்பாக்கு என்பது விதி. தொடக்கத்தில் ஐந்து கட்டங்கள் ஒரே மட்டத்தில் செல்கின்றன. பிறகு ஒரு துள்ளல். அதன்பின் பத்துக் கட்டங்கள் சமதரையாக ஓடுகின்றன. மறுபடியும் ஒரு துள்ளல். மூலக்கோட்டில் ஓரிடத்திலும் துள்ளல் இல்லை, அது சீராக ஏறிக்கொண்டேயிருந்தது. நாம் அதன் ஏற்றத்தை முழு எண்களுக்குத் திருத்தியபோது சிறு சிறு மிச்சங்களாகச் சேர்ந்த பிழை, ஓரிடத்தில் திரண்டு படியாக வெடித்தது.

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம் 1962-இல் வகுத்து 1965-இல் பிரசுரித்த புகழ்பெற்ற வழிமுறை செய்வது இதையேதான். கூட்டலும் கழித்தலும் மட்டுமே கொண்டு, பெருக்கலைக்கூட நாடாமல், அருகிலுள்ள கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் அதன் சிக்கனம் வியக்கத்தக்கது. அது முதலில் திரைக்காக அன்றி, பேனா ஓட்டும் பிளாட்டர் யந்திரத்துக்காக எழுதப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. மிக நுண்ணிய அடிகளாக நகரும் பேனாவின் மை அந்தப் படிகளை விழுங்கிவிட்டது, திரையின் கட்டங்கள் விழுங்கவில்லை.

இந்த உதாரணத்தில் மற்றொரு சூட்சுமமும் இருக்கிறது. சரியாக 45 பாகையில் சாய்ந்த கோட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படி; படிகள் அதிகம், ஆயினும் அவை நெருக்கமாக இருப்பதால் கண்ணை அவ்வளவாக உறுத்துவதில்லை. கிடைமட்டத்துக்கு மிக அருகில் சாய்ந்த கோட்டிலோ படிகள் சிலவே. ஒவ்வொன்றும் நெடுந்தூரம் சமமாக ஓடித் திடீரென்று துள்ளுவதால் அவையே மிக விகாரமாகத் தெரிகின்றன. வட்டத்தின் உச்சியும் அடியும் பக்கங்களைவிடவும் மோசம் என்று சிலர் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். சமச்சீரான கட்டத்தில் நான்கு இடங்களும் ஒன்றே, உச்சியிலுள்ள குறை கண்ணில் முந்திப் படுகிறது என்பதே உண்மை.

4. மாறுவேஷத்தில் வரும் அலை

இதுவரை சொன்னது படிகள் எவ்வாறு உண்டாகின்றன என்பது. புள்ளிகளைப் பெருக்கினால் அவை அடியோடு ஒழியுமா என்ற கேள்விக்கு விடை வேறு சாஸ்திரத்தில் இருக்கிறது. தந்தியைப் பற்றி 1928-இல் ஹாரி நைக்விஸ்ட் எழுதியதிலிருந்து வளர்ந்து, 1949-இல் க்ளாட் ஷானன் தெளிவாக நிலைநாட்டிய சித்தாந்தம் இது: தொடர்ந்து மாறும் ஒன்றைக் குறித்த இடைவெளிகளில் அளந்து பதிவுசெய்ய வேண்டுமானால், அதிலுள்ள மிக வேகமான அலையைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட அடர்த்தியில் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேகமான அலை மறைந்துபோவதில்லை, மெதுவான வேறோர் அலையின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். சினிமாவில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிவது இந்த மாறுவேஷம்தான். சாய்ந்த கோட்டின் படிகளும் அதுவே. பத்துக் கட்டத்துக்கு ஒருமுறை வரும் அந்தத் துள்ளல், மூலக்கோட்டில் இல்லாத, அளவெடுத்த முறையால் புகுந்த ஒரு கள்ள அலை.

இப்போது வெக்டர் வடிவத்தின் விளிம்பை எண்ணிப் பாருங்கள். ரெனோ நிறுவனத்தில் பியர் பெஸியேயும், சித்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஜோவும் மோட்டார் வண்டிகளின் உடற்கூட்டை வரைய உருவாக்கிய வளைகோடுகளே இன்றும் நம் வரைகலை நிரல்களின் அடிப்படை. அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் முழுக் கறுப்பு, மறுபக்கம் முழு வெள்ளை. இரண்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. இத்தகைய கூரிய மாற்றத்தை அலைகளாகப் பகுத்தால், அவற்றின் வேகத்துக்கு உச்சவரம்பே கிடையாது என்பது கணிதம். அப்படியானால், எவ்வளவு புள்ளிகளைக் குவித்தாலும் ஷானன் கேட்ட நிபந்தனை நிறைவேறாது. புள்ளிகள் இரட்டித்தால் படிகள் சிறுக்கும், நெருங்கும், ஒழியமாட்டா. வெக்டர் படத்தின் பெருமையாகச் சொல்லப்படும் அந்த எல்லையற்ற கூர்மையே அதன் பற்களுக்கும் மூலகாரணம் என்பதை நம் பாடங்களில் சேர்த்துச் சொல்லாதது ஒரு குறை.

பரிகாரம் என்ன என்பதை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ஃபிராங்க்ளின் க்ரோ 1977-இல் வெளியிட்ட கட்டுரையில் ஐயத்துக்கிடமின்றி எடுத்துக்காட்டினார். கள்ள அலை நுழைந்த பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே அளப்பதற்கு முன்பே வடிவத்தின் கூர்மையை அளவோடு மழுக்கிவிட வேண்டும். நடைமுறையில் இதன் பொருள், கட்டத்தைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தீர்த்துவிடாமல், வடிவம் அந்தக் கட்டத்தின் எத்தனை பங்கை மூடுகிறதோ அந்த அளவுக்குச் சாம்பல் நிறம் தருவது. ஆன்டி அலையாசிங் என்று தொழிலில் வழங்குவது இதைத்தான். பிக்சல் என்பது ஒரு சிறு சதுரமே அல்ல, பரப்பற்ற ஓர் அளவுப் புள்ளி என்று ஆல்வி ரே ஸ்மித் 1995-இல் வாதிட்டார். அவர் கட்சியை ஏற்றால், சதுரத்துக்குள் மட்டும் பங்கு பார்ப்பதும் போதாது, அண்டைக் கட்டங்களையும் தழுவிய பரந்த சராசரி வேண்டும். கணித நியாயம் அவர் பக்கமே என்று நினைக்கிறேன். ஆயினும் பெரும்பாலான நிரல்கள் செலவு கருதிச் சதுரத்தோடு நின்றுவிடுகின்றன.

அதிலும் ஒரு சிக்கனம் உண்டு. மூடிய பங்கைச் சரியாகக் கணக்கிடாமல், கட்டத்துக்குள் நான்கு இடங்களை மட்டும் சோதித்துப் பார்த்து முடிவுசெய்யும் வழக்கம் கிராஃபிக்ஸ் கார்டுகளில் பரவலாக இருக்கிறது. நான்கு சோதனைகளிலிருந்து கிடைக்கக்கூடிய நிறங்கள் ஐந்தே. முன்சொன்ன இருபது கட்டக் கோட்டில் இந்த ஐந்து நிறங்களும் ஐந்து சிறு படிகளாகவே தெரியும். ‘ஆன்டி அலையாசிங் போட்டும் பற்கள் போகவில்லை’ என்ற முறையீட்டில் பெரும்பகுதி இதிலிருந்து வருவது.

5. கண்ணின் சாட்சியம்

சித்தாந்தத்தில் பற்கள் ஒழியாவிட்டாலும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். 2010-இல் ஐஃபோன் 4 வெளிவந்தபோது, அங்குலத்துக்கு 326 புள்ளிகள் கொண்ட அதன் திரையைப் பற்றி ஸ்டீவ் ஜாப்ஸ் முன்வைத்த வாதமும் இதுவே: பத்துப் பன்னிரண்டு அங்குல தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது, அங்குலத்துக்கு ஏறக்குறைய 300 புள்ளிகளுக்குமேல் மனித விழித்திரை பிரித்தறியாது. அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளை இரண்டாகப் பிரித்தறியும் எல்லை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை, என்ற பிரமாணத்திலிருந்து இந்தக் கணக்கு வருகிறது. அந்த மட்டில் கணக்குச் சரியே.

ஆனால் கண்ணுக்கு மற்றொரு திறமை இருக்கிறது. அதைப் பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியைக் கையிலெடுத்த ஒவ்வொரு மாணவனும் அறியாமலே பயன்படுத்தியிருக்கிறான். இரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா, மயிரிழை விலகியிருக்கின்றனவா என்று கண்டறிவதில் நம் கண், இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிவதைவிடப் பன்மடங்கு கூர்மையானது. கலையின் அறுபதில் ஒரு பங்கை விகலை என்றால், நல்ல நிலைமைகளில் ஐந்து முதல் பத்து விகலை விலகலைக்கூட அது கண்டுகொள்கிறது; விழித்திரையின் மையத்திலுள்ள கூம்புச் செல்களின் இடைவெளியே ஏறக்குறைய முப்பது விகலை என்பதை நினைத்தால் இதன் அருமை புலப்படும். 1975-இல் ஜெரால்ட் வெஸ்ட்ஹைமர் இதற்கென்றே தனிப்பெயர் இட்டார்.

படிக்கட்டு விளிம்பு என்பது என்ன? சிறிது விலகி நிற்கும் சமதரைக் கோடுகளின் வரிசையல்லவா! ஆகவே அதை விசாரிக்கும் நீதிபதி அந்த ஒரு கலைக் கணக்கு அல்ல, இந்த வெர்னியர் திறமையே. அங்குலத்துக்கு 96 புள்ளிகள் உள்ள மேசைத் திரையை 60 சென்டிமீட்டர் தள்ளியிருந்து பார்த்தால், ஒரு பிக்சலின் உயரம் ஏறத்தாழ 90 விகலை. 326 புள்ளித் திரையை 30 சென்டிமீட்டரில் பிடித்தால் அது 54 விகலையாகக் குறைகிறது. ஒரு கலைக்கு உட்பட்டுவிட்டது, மெய்தான், ஆயினும் கண் அறியக்கூடிய விலகலைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். வெறும் கறுப்பு வெள்ளையில் வரைந்தால் அந்தத் திரையிலும் மெல்லச் சாய்ந்த கோட்டின் படிகள் தெரியத்தான் செய்யும். அச்சில் அவை மறைவதற்கு 1,200 புள்ளி அடர்த்தியோடு மையும் தாளும் கசிந்து தாமே மழுக்கிவிடுவதும் காரணம்.

6. ஒளியின் கணக்கு

பங்கு பார்த்துச் சாம்பல் நிறம் தருவதிலும் ஒரு பெரும் பிழை சர்வசாதாரணமாக நடந்துவருகிறது. பாதி மூடப்பட்ட கட்டத்துக்கு, 0 முதல் 255 வரையுள்ள அளவில் நடுவிலுள்ள 128 என்ற எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். எண்ணில் அது பாதி, ஒளியில் பாதியல்ல. திரைகள் பின்பற்றும் வழக்கப்படி 128 என்ற எண் தரும் ஒளி, முழு வெள்ளையின் ஒளியில் ஏறக்குறைய 22 சதவீதம் மட்டுமே. உண்மையான பாதி ஒளி வேண்டுமானால் 188-க்கு அருகில் எண் தர வேண்டும். இதன் விளைவு: கறுப்புப் பின்னணியில் வரைந்த வெண்ணிறக் கோடு, கட்டத்தோடு பொருந்தும் இடத்தில் பிரகாசமாகவும், இரண்டு கட்டங்களுக்கிடையே பங்கிடப்படும் இடத்தில் மங்கலாகவும் மாறிமாறி வந்து, முறுக்கிய கயிற்றைப்போல் தோன்றுகிறது. வடிவம் சரி, பங்கும் சரி; ஆனாலும் பார்ப்பவருக்கு அது பல்லுள்ள கோடு. திரையின் மேல் பழி போடும் எத்தனையோ இடங்களில் உண்மைக் குற்றவாளி இந்தக் கூட்டல் கணக்கே.

7. எழுத்தைப் பற்றிய இரு கட்சிகள்

எழுத்துருக்களும் வெக்டர் வடிவங்களே. ஆனால் அவை மிகச் சிறியவை என்பதால் இந்த வழக்கு அங்கே உச்சத்தை அடைகிறது. ஒரு பிக்சல் தடிப்புள்ள கிடைக்கோட்டின் நடுவம், இரண்டு வரிசைகளின் எல்லையிலேயே அமைந்துவிட்டால், பங்குக் கணக்கு அதை இரண்டு வரிசைச் சாம்பலாகப் பிரித்துவிடும். கோடு பொய்யாகவில்லை, ஆனால் கம்பீரம் போய்க் கலங்கிவிட்டது. இதற்கு மாறாக, எழுத்தின் கால்களைக் கட்டத்தோடு ஒட்டி நிற்கும்படி நகர்த்திவிடும் கட்டளைகளை எழுத்துருவுக்குள்ளேயே எழுதிவைக்கும் முறை 1991-இல் வந்த ட்ரூடைப்பில் விரிவாக அமைந்தது. மைக்ரோசாஃப்ட் நெடுங்காலம் கட்டத்தோடு பொருந்தும் தெளிவைப் பெரிதென்றது. ஆப்பிளோ, வடிவமைத்தவர் வரைந்த உருவம் சற்று மங்கினாலும் கோணக்கூடாது என்றது. 

தமிழ் எழுத்தை வைத்துப் பார்த்தால் முதற்கட்சி நமக்கு அரைகுறையாகவே பயன்படுகிறது. ‘ப’, ‘ட’ ஆகியவை செங்குத்தும் கிடையுமான கோடுகள். கட்டத்தோடு ஒட்டிவிட்டால் கண்ணாடிபோல் தெளிகின்றன. ‘ழ’வையும் ‘ஞ’வையும் எந்தக் கட்டத்தோடு ஒட்டுவது? 1998-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த க்ளியர்டைப் முறை, ஒவ்வொரு பிக்சலிலும் பக்கம்பக்கமாக நிற்கும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைத் தனித்தனியே ஆண்டு, கிடைத்திசையில் நுட்பத்தை மும்மடங்காக்கியது. ஆனால் தொடக்கத்தில் அது மேல்கீழ்த் திசையில் மழுக்கவேயில்லை. அதனால் ‘கி’, ‘மீ’ முதலியவற்றின் மேல்விலங்கு, முகட்டில் ஏறத்தாழக் கிடையாக வளைகிற இடத்தில், பெரிய அளவிலான தலைப்பெழுத்துக்களில் படி போட்டு நின்றது. கிடைக்கு அருகிலான சரிவே மோசமானது என்று முன்பு கண்டோமே, அந்தச் சரிவையே எழுத்துக்கு எழுத்து தலையில் சுமக்கும் ஒரு லிபிக்கு இது சிறிய விஷயமல்ல. வாசிப்புக்கான சிறிய எழுத்தில் கட்டத்தோடு ஒட்டுவதையும், தலைப்பிலும் சித்திரத்திலும் உருவத்துக்கு உண்மையாக இருப்பதையும் நான் ஆதரிக்கிறேன். இரண்டுக்கும் ஒரே சட்டம் செய்யப் புகுந்ததே தவறு.

8. முன்பே வரைந்து பின்பு இழுத்தல்

சில பற்களுக்கு இவ்வளவு ஆழமான காரணம் இல்லை. வடிவத்தை ஒருமுறை சிறியதாக ராஸ்டராக்கி நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு பெரிதாக்கும்போது அந்தப் பழைய புள்ளிப் படத்தையே இழுத்து நீட்டிக்காட்டும் நிரல்கள் பல. கைபேசியில் நிலப்படத்தை விரல்களால் விரிக்கும்போது தெருக்கள் கணநேரம் குழம்பிப் பிறகு தெளிவது, புதிய வரைவு வந்து சேரும்வரை பழையதை இழுத்து வைத்திருப்பதால். திரையின் இயல்பான புள்ளி எண்ணிக்கையை விட்டு வேறொன்றைத் தேர்ந்துவைத்தாலும் இதே கதி. எஸ்.வி.ஜி. என்ற வெக்டர் வகைப் பெயரோடு வரும் கோப்புக்குள் ஒரு சாதாரணப் புகைப்படம் ஒட்டவைக்கப்பட்டிருப்பதும் உண்டு. அங்கே விசாரணைக்கே இடமில்லை.

9. இரண்டு உருவங்கள் சந்திக்கும் இடம்

மேற்சொன்ன பரிகாரங்களையெல்லாம் குறைவின்றிச் செய்த பிறகும் தீராத ஒரு வழக்கு இருக்கிறது. இரண்டு கறுப்பு வடிவங்கள், இடையில் ஒரு நூலிழையும் விடாமல், ஒரே சாய்ந்த எல்லையில் ஒட்டி நிற்கின்றன என்று கொள்வோம். அந்த எல்லை கடக்கும் ஒரு கட்டத்தில் முதல் வடிவம் பாதியை மூடுகிறது, இரண்டாவது மறுபாதியை மூடுகிறது. கட்டம் முழுக் கறுப்பாக வேண்டும். ஆனால் நிரல் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே மழுக்கி, 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் வகுத்த கலவை விதிப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுகிறது. முதற்பூச்சில் வெள்ளைப் பின்னணி பாதியாகிறது; இரண்டாம் பூச்சு, அந்தப் பாதியில் பாதியை மட்டுமே மறைக்கிறது; 25 சதவீத வெள்ளை எஞ்சிவிடுகிறது. படம் முழுவதும் அந்த எல்லை நெடுக, வரைந்தவர் வரையாத ஒரு வெளிறிய தையல், கட்டத்துக்குக் கட்டம் கூடியும் குறைந்தும், ஓடுகிறது. நிலப்படங்களில் அடுத்தடுத்த மாவட்டங்களுக்கு நடுவிலும், பி.டி.எஃப். பக்கங்களில் துண்டுதுண்டாக அமைந்த நிழற்பரப்புகளிலும் இதைக் காணலாம்.

இங்கே குற்றம் புள்ளிகளின் எண்ணிக்கையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. ‘பாதி’ என்ற எண், எந்தப் பாதி என்று சொல்வதில்லை. இடது பாதியும் வலது பாதியும் அந்த எண்ணில் ஒன்றே. அவற்றைப் பிரித்தறிய வேண்டுமானால், ஒரு கட்டத்தைத் தொடும் எல்லா வடிவங்களையும் முதலில் சேகரித்துக்கொண்டு, யார் எந்த மூலையை ஆள்கிறார் என்று தீர்த்தபின் ஒரே தடவையாக நிறம் முடிவுசெய்ய வேண்டும். அப்படிச் செய்ய வழி தெரியாமலில்லை. நினைவகமும் நேரமும் பன்மடங்கு கேட்கும் அந்த வழியைத் தவிர்த்து, ஒவ்வொன்றாகப் பூசும் வழியையே பெரும்பாலான வரைவு நிரல்கள் இன்றும் கைக்கொள்கின்றன. வரைபவர்களோ, அடியிலுள்ள வடிவத்தை அரை பிக்சல் நீட்டி மேலுள்ளதன்கீழ் ஒளித்துவைத்துத் தையலை மறைத்துக்கொள்கிறார்கள்.